மயில்துத்தமும் மனித உழைப்பும்: போர்டோ முந்திரிகைத் தோட்டங்களின் நோய்த்தடுப்பு வரலாறு பற்றிய ஒரு நோக்கு

தாவர நோய்களை மனிதன் எதிர்கொண்ட வரலாறு பெரும்பாலும் நுணுக்குக்காட்டியின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஒரு நோய் தோன்றுகின்றது, ஓர் அறிஞர் அதன் காரணியைக் காண்கின்றார், மருந்து பிறக்கின்றது, விவசாயி நன்றியுடன் அதனை ஏற்றுக்கொள்கின்றான். இவ்வாறான எடுத்துரைப்பில் நோய் எவ்வழியாக வந்தது, மருந்தை யார் முதுகிற் சுமந்தார், வேறு வழிகள் இருந்தனவா, இருந்தனவாயின் அவை ஏன் கைவிடப்பட்டன என்னும் வினாக்களுக்கு இடமில்லை. பிரான்சின் தென்மேற்கிலுள்ள போர்டோப் பிரதேசத்து முந்திரிகைத் தோட்டங்களை (திராட்சையை முந்திரிகை என வழங்கும் எமது மரபையே இங்கு பின்பற்றுகின்றோம்) எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்வினாக்களை ஆராய்வதே எமது நோக்கமாகும்.

போர்டோவைத் தெரிவதற்குக் காரணம் உண்டு. முந்திரிகை இயல்பிலே வறண்ட கோடையை விரும்பும் பயிர். மத்தியதரைக் கடலோரத்தில் அது பெறும் கோடையை அத்திலாந்திக் சமுத்திரத்தை அடுத்த போர்டோவிற் பெறுவதில்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ 900 மில்லிமீற்றர் மழை அங்கு எல்லாப் பருவங்களிலும் பரந்து பெய்கின்றது. ஜிரோண்ட் கழிமுகமும் கரோன் நதியும் காலைப் பனிமூட்டத்தைத் தருகின்றன. எனவே அங்கு தோட்டக்காரனின் ஆண்டு என்பது நோய்களின் ஆண்டாகவே அமைந்துவிடுகின்றது. உதிர்ந்த இலைகளுட் குளிர்காலத்தைக் கழித்த பங்கசு வித்திகள் வசந்த மழைத்துளிகளால் நிலத்திலிருந்து தெறித்து இளந்தளிரை அடைகின்றன. வெப்பநிலை 10 பாகையையும், தளிர் 10 சென்ரிமீற்றரையும், ஓரிரு நாள் மழை 10 மில்லிமீற்றரையும் எட்டும்போது முதற்றொற்று எதிர்பார்க்கப்படல் வேண்டும் என்ற 'மூன்று பத்து' விதியை 1947இல் இத்தாலியரான பல்டாச்சி வகுத்தார். தொற்றிய ஒரு வாரம் முதல் பத்து நாட்களில் இலையின் மேற்புறத்தில் எண்ணெய் பட்டாற் போன்ற மஞ்சட் புள்ளியும், கீழ்ப்புறத்தில் வெண்ணிறப் பூஞ்சணமும் தோன்றும். யூனிற் பூக்கும் காலத்தில் மழை நீடிப்பின் பூங்கொத்தே கருகும். கோடையில் கறுப்பழுகலும், குலைகளைத் துளைக்கும் அந்துப்பூச்சிகளின் புழுக்களும் வரும். அப்புழுக்கள் துளைத்த பழத்தினுள்ளே அறுவடைக் காலத்துச் சாம்பனிற அழுகல் புகும். சோத்தேர்ண் என்னும் பகுதியில் மட்டும் இதே அழுகலைத் தோட்ட உரிமையாளர் வரவேற்கின்றனர்; காலைப் பனியும் நண்பகல் வெயிலும் மாறிமாறி வாய்க்குமிடத்து அது பழத்தின் நீரை வற்றச் செய்து இனிமையைச் செறிவாக்குகின்றது. ஒரே பங்கசு ஓரிடத்தில் நட்டமாகவும் சில கல் தொலைவில் இலாபமாகவும் பெயர் பெறுவது நோக்கற்பாலது.

இந்நோய்களுட் கொடியவை மூன்றும், வேரைத் தின்னும் பிலொக்சேரா என்ற நுண்பூச்சியும் 19ஆம் நூற்றாண்டிற்கு முன்னர் ஐரோப்பாவில் இருக்கவில்லை. அவை அனைத்தும் வட அமெரிக்காவிற் காட்டு முந்திரிகைக் கொடிகளோடு நீண்டகாலம் வாழ்ந்து வந்தவை. அக்கொடிகள் அவற்றைத் தாங்கும் ஆற்றல் பெற்றிருந்தன. கப்பற் பயணத்தை நீராவி குறுக்கிய காலத்தில், செல்வந்தரின் தோட்ட ஆர்வமும் நாற்று வணிகமும் அவற்றைக் கடல் கடத்திவிட்டன. 1845இல் இங்கிலாந்தின் மார்கேற்றில் டக்கர் என்ற தோட்டக்காரர் தமது கண்ணாடி மனைக் கொடிகளில் வெண்சாம்பல் படிவதைக் கண்டார். அதனை ஆராய்ந்த மைல்ஸ் யோசப் பேர்க்லி என்னும் மதகுரு, அப்பங்கசுக்கு டக்கரின் பெயரையே சூட்டினார். சில ஆண்டுகளிற் சாம்பல் நோய் பிரான்சு முழுவதும் பரவியது. 1854இல் அந்நாட்டின் வைன் உற்பத்தி ஏறத்தாழ 1 கோடி 10 இலட்சம் ஹெக்டோலீற்றராகச் சுருங்கிற்று. அது முன்னைய நல்ல ஆண்டுகளின் விளைச்சலில் ஒரு சிறு பங்கே. கந்தகப் பொடியைத் தூவுவதால் இந்நோய் அடக்கப்பட்டது. எரோப் பகுதியில் ஆன்றி மாரே மேற்கொண்ட பரிசோதனைகள் அதனை ஒழுங்கான முறையாக்கின. ஆயின், கந்தகத்தைப் பரீட்சித்தோருள் முதல்வர் கையிலே மண் படிந்த அந்த டக்கரே என்பதை இங்கு குறித்துவைத்தல் தகும்.

பிலொக்சேரா 1860களில் வந்தது. 1868இல் பிளான்ஷோனும் அவருடன் சென்ற இருவரும் அழியும் கொடிகளின் வேர்களில் அப்பூச்சியை இனங்கண்டனர். அதற்கு எதிராக வெற்றி பெற்ற வழி, தாங்குதிறன் கொண்ட அமெரிக்கக் கொடிகளின் வேரின்மீது ஐரோப்பியக் கொடியை ஒட்டுவதாகும். இதன்பொருட்டு அமெரிக்கக் கொடிகள் பெருந்தொகையாக இறக்குமதியாயின. அவற்றின் இலைகளோடு, பிரெஞ்சுக்காரர் 'மில்டியூ' என வழங்கிய அடிச்சாம்பல் நோயும் வந்திறங்கியது. 1878இல் அது பிரான்சில் அடையாளம் காணப்பட்டது; 1885இற் கறுப்பழுகலும் காணப்பட்டது. ஒரு நோய்க்குத் தேடிய பரிகாரமே மற்றிரு நோய்களுக்கு வாயிலாயிற்று.

மில்டியூவுக்குக் கந்தகம் பயன்படவில்லை. சாம்பல் நோயின் பங்கசு இலையின் மேற்பரப்பிலே படர்வது. எனவே கந்தகம் அதனைத் தீண்ட முடிந்தது. மில்டியூவோ இலையினுள்ளே வளர்கின்றது. புறத்தே தெரியும்போது காலம் கடந்துவிடுகின்றது. இதனைத் தெளிவாக உணர்ந்தவர் 1876 முதல் போர்டோவில் தாவரவியற் பேராசிரியராயிருந்த பியர் மாரி அலெக்சி மில்லார்டே (1838–1902). ஜேர்மனியில் டி பாரியிடம் பங்கசியல் கற்ற அவர், நோயைத் தீர்ப்பதன்று, வித்தி முளைக்குமுன் இலையைக் காப்பதே வழி என்ற முடிவுக்கு வந்திருந்தார். எதனாற் காப்பது என்பது தெரியவில்லை.

1882 ஒக்டோபர் இறுதியில் மெடொக்கின் சென் ஜூலியன் கிராமத்தில் டுக்ரு-போக்காயு என்ற பெருந்தோட்டத்தினூடாக நடந்துசென்ற மில்லார்டே, எங்கும் கொடிகள் இலையுதிர்த்து நிற்க, பாதையோர வரிசைகள் மட்டும் பசுமையுடன் விளங்குவதைக் கண்டார். அவ்விலைகளின்மீது நீலம் கலந்த வெண்படிவு இருந்தது. மேலாளர் ஏர்ணெஸ்ற் டவிட் விளக்கம் தந்தார்: வழிப்போக்கர் பழத்தைப் பறித்துண்ணாதிருக்க, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த குழம்பைப் பாதையோரக் கொடிகளிலே தெளிப்பது அப்பகுதி வழக்கம், நிறத்தைக் கண்டு நஞ்சென்றஞ்சி எவரும் தொடார்.

பாடநூல்களில் இந்நிகழ்ச்சி ஒரு சுவையான தற்செயலாக இடம்பெறுகின்றது. நாம் அதனைச் சற்று நின்று நோக்க வேண்டியவராகின்றோம். நூற்றாண்டின் மிக முக்கியமான பயிர்ப் பாதுகாப்பு மருந்து, நோயிலிருந்து பயிரைக் காக்கவன்று, மனிதரிடமிருந்து சொத்தைக் காக்கவே முதலில் தெளிக்கப்பட்டது. வேலிக்கு அப்பாலிருந்து கை நீட்டியவர் யாவர்? பெயர் எதுவும் பதியப்படவில்லை. பதியப்படாத இன்னொரு பெயர்த் தொகுதியும் உண்டு: அக்குழம்பைக் கலக்கி, வாளியிற் சுமந்து, கொடிக்குக் கொடி தெளித்த தொழிலாளர். படிவு எத்தனை நாள் நிற்கும், மழை எவ்வளவு கழுவும், இலை கருகுமா என்பவற்றையெல்லாம் பல ஆண்டுகளாகக் கண்ணாற் கண்டிருந்தோர் அவர்களே.

மில்லார்டேயின் பெருமையை இது குறைப்பதன்று. பாதையோரப் பசுமையைப் பலர் கண்டிருப்பர். அதன் காரணத்தை வினவும் தகைமை அவருக்கிருந்தது. தமது வீட்டுக் கிணற்று நீரில் மில்டியூ வித்திகள் முளைக்காமையை முன்னரே அவதானித்திருந்த அவர், கிணற்றுப் பம்பியின் செம்பே அதன் காரணம் எனக் கண்டார். இன்னொரு முன்னோடியும் உண்டு. மொன்தோபானைச் சேர்ந்த பெனெடிக்ற் பிரெவோ, செம்பு கோதுமைக் கரிப்பூட்டை நோயின் வித்திகளை முளையாது தடுப்பதை 1807இலேயே வெளியிட்டிருந்தார். நோயைப் பங்கசு உண்டாக்கும் என்ற கருத்தை அக்காலப் புலமையுலகு ஏற்க மறுத்தமையால் அது பயனற்றுக் கிடந்தது. பேர்கண்டியில், மயில்துத்தத்தில் ஊறவைத்த கம்புகளை அடுத்த கொடிகள் நோயற்றிருந்தமையும் இக்காலத்திலே கவனிக்கப்பட்டது. ஆகவே அறிவு பல கைகளிற் சிதறிக் கிடந்தது என்பதே பொருத்தம்.

இரசாயனவியற் பேராசிரியரும் பாஸ்ரரின் மாணவருமான யூலிஸ் கயோனின் துணையுடன், நதானியேல் ஜோன்ஸ்ரன் என்ற வணிகருக்குச் சொந்தமான டுக்ரு-போக்காயு, டொசாக் ஆகிய தோட்டங்களிற் பரிசோதனைகள் நடைபெற்றன. 1885இல் முறை வெளியிடப்பட்டது: 100 லீற்றர் நீரில் 8 கிலோகிராம் மயில்துத்தம்; 30 லீற்றர் நீரில் 15 கிலோகிராம் சுண்ணாம்பு; இரண்டையும் கலந்து சிறு விளக்குமாற்றால் இலைகளில் தெளித்தல். ஆயிரம் கொடிகளுக்கு 50 லீற்றர் போதும் என மில்லார்டே எழுதினார். இதுவே 'போர்டோக் கலவை' எனப் பின்னர் உலகெங்கும் பரவியது.

இவ்விடத்தில் எமது நாட்டின் வரலாறு குறுக்கிடுகின்றது. டக்கரின் சாம்பல் நோய்க்குப் பெயர் சூட்டிய அதே பேர்க்லியே 1869இல் இலங்கைக் கோப்பி இலைகளை அழித்த பங்கசை இன்னொரு அறிஞருடன் சேர்ந்து விபரித்து, அதன் அழிவாற்றலைக் குறிக்கும் பெயரை அதற்கு இட்டவர். 1880இல் பேராதனைக்கு வந்த மார்ஷல் வார்ட், வித்தி இலையின் மீதுள்ள நீரில் முளைத்து இலைவாய் வழியே உட்புகுவதைக் காட்டினார். மருந்து பயன்படுவதாயின் அது வித்தி புகுமுன் இலையில் இருத்தல் வேண்டும் என்பதையும், மலைக்கு மலை ஒரே பயிரை இடையீடின்றி நட்டமையே நோயின் பரவலுக்குத் துணைசெய்தது என்பதையும் உணர்ந்தார். மில்லார்டே போர்டோவிற் கண்ட தத்துவம் இதுவே. ஆயின் வார்டின் கையிற் செம்பு இருக்கவில்லை. போர்டோக் கலவை வெளியானபோது கோப்பி வீழ்ந்துவிட்டிருந்தது. தோட்டத்துரைமார் தேயிலைக்கு மாறினர். கூலி நிலுவையுடன் நின்ற தமிழ்த் தொழிலாளருக்கு அவ்வாறு மாறுவதற்கு வேறு பயிர் எதுவும் இருக்கவில்லை. இந்நாட்டுத் தாவர நோய் வரலாற்றில் வார்டின் பெயருக்கு அருகே அவர்களுக்கும் ஓர் இடம் உண்டு என்பது எமது கருத்து.

போர்டோவுக்கு மீள்வோம். விளக்குமாற்றால் தெளிப்பது நெடுநேர வேலை. 1880களிலேயே வில்பிரான்ஷ் நகரின் விக்ரர் வெர்மொரெல் முதுகிற் சுமக்கும் விசிறுகருவியைச் செய்து 'எக்லேர்' (மின்னல்) என்ற பெயரில் விற்கத் தொடங்கினார். மின்னல் வேகம் கருவிக்குரியது; பாரம் தொழிலாளிக்குரியது. ஏப்பிரல் இறுதி முதல் ஓகஸ்ட் வரை, மழைக்கு முன்னொரு முறை, மழை கழுவியபின் இன்னொரு முறை என மருந்து விசிறுதல் தோட்ட வேலையின் நிலையான அங்கமாயிற்று. எந்நாளில் விசிறுவது என்பதே பெருஞ் சிக்கல். கரோன் கரையிலுள்ள கடியாக்கில் யோசப் கப்யு நடத்திய எச்சரிக்கை நிலையம், வானிலையை நோக்கித் தோட்டக்காரருக்கு விசிறும் நாளை அறிவிக்க முயன்றது. தனியார் தோட்டத்தின் எல்லைக்குள் அடங்காத ஒரு பொதுப்பணியாக நோய்த்தடுப்பை நோக்கிய இம்முயற்சி, மருந்தைக் கண்டறிந்ததற்கு எவ்வகையிலும் குறைந்ததன்று.

இம்முறை எத்துணை மனித உழைப்பில் தங்கியிருந்தது என்பதை 1915 தெளிவாக்கியது. ஆடவர் போர்முனையில், குதிரைகள் படையில், செம்பு எறிகணைகளில். பெண்களும் முதியோரும் சிறுவரும் ஈரமான அக்கோடையை எதிர்கொண்டனர். மில்டியூ பரவிற்று. பிரான்சின் வைன் உற்பத்தி முன்னைய ஆண்டினதில் மூன்றில் ஒரு பங்களவாக வீழ்ந்தது. பங்கசு அதே பங்கசு, மருந்து அதே மருந்து. அதனைச் சுமந்த முதுகுகள் மட்டும் இருக்கவில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், தோட்டங்களுக்கு மயில்துத்தம் செய்வதற்கென வீட்டுச் செம்புப் பாத்திரங்களைத் தந்து பதிலுக்கு வைன் பெற்றுக்கொள்ளுமாறு மக்கள் அழைக்கப்பட்டதும் உண்டு.

அம்முதுகுகளுக்கு என்ன நேர்ந்தது என்பதற்கான சான்று மிகத் தாமதமாகவே வந்தது. போர்த்துக்கலில் ஆண்டுக்கணக்காகப் போர்டோக் கலவையை விசிறிய கிராமத் தொழிலாளரின் நுரையீரலிற் செம்பு படிந்த கட்டிகளையும் தழும்பையும் கண்ட இரு மருத்துவர், 1969இல் அதனைப் புதியதொரு தொழில்சார் நோயாக விபரித்து 'முந்திரிகைத் தோட்ட விசிறுநர் நுரையீரல்' எனப் பெயரிட்டனர். மருந்து வெளியாகி எண்பத்து நான்கு ஆண்டுகள் கழிந்திருந்தன. புழுக்களுக்கெனப் பயன்படுத்திய ஆசனிக்கின் கதை இதனினும் கொடியது. ஜேர்மனியின் மோசல் பள்ளத்தாக்கில் அதனை விசிறியும், எஞ்சிய சக்கையில் நீரூற்றிச் செய்த மலிவு வைனைக் குடித்தும் தோட்டக்காரர் நஞ்சூட்டப்பட்டனர். 1942இல் அங்கு அது தடைசெய்யப்பட்டது. பிரான்சிலோ, கொடியின் தண்டைத் தாக்கும் நோயொன்றுக்காக ஆசனிக்குச் சேர்வை 2001 வரை பயன்பட்டது.

வேறு வழி இருக்கவில்லையா என்ற வினாவுக்கு மில்லார்டேயின் வாழ்க்கையே விடை தருகின்றது. போர்டோக் கலவையின் தந்தை எனப் போற்றப்படும் அவர், தமது உழைப்பிற் பெரும்பகுதியை அமெரிக்கக் கொடியையும் ஐரோப்பியக் கொடியையும் கலந்து தாங்குதிறன் கொண்ட இனங்களை உருவாக்குவதிலேயே செலவிட்டார். டு கிராசே என்ற பிரபுவுடன் அவர் உருவாக்கிய ஒட்டுக்கட்டைகள் இன்றும் வழக்கிலுள்ளன. வேரிற் கலப்பினத்தை ஏற்றுக்கொண்ட பெருந்தோட்டம், பழத்தில் அதனை ஏற்கவில்லை. பெயர் பெற்ற வைனின் விலை, அதன் பழைய கொடியினத்தின் பெயரோடு பிணைந்திருந்தது. ஆண்டுக்கு எத்தனை முறை விசிறினும் அச்செலவை அவ்விலை தாங்கிற்று.

சிறு விவசாயியின் கணக்கு வேறு. ஒபனா நகரைச் சேர்ந்த செய்பெல், குடேர்க் போன்றோர் உருவாக்கிய கலப்பினங்களை ஒட்டாமலே நடலாம், மருந்து குறைவு, நனைந்த ஆண்டிலும் ஏதேனும் பழம் கிடைக்கும். தன் வீட்டுத் தேவைக்கும் உள்ளூர்ச் சந்தைக்கும் வைன் செய்தவன் அவற்றை விரும்பி நட்டான். 1930களில் மிகையுற்பத்தியால் விலை சரிந்தபோது அரசின் பார்வை அவற்றின் மீது திரும்பியது. 1934 டிசெம்பர்ச் சட்டம் நோவா, ஒதெல்லோ, இசபெல், ஜக்கே, கிளின்ரன், ஏர்பெமொன் ஆகிய ஆறு இனங்களை விலக்கியது. சுவையும் உடல்நலமும் காரணங்களாகக் கூறப்பட்டன. சுவை பற்றிய குறை பொய்யன்று. அவற்றுட் சில, காட்டுப் பழத்தின் கடும் மணமுடையவை என்பதையும், எல்லாக் கலப்பினங்களும் எல்லா நோய்களையும் தாங்கவில்லை என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் மிகையுற்பத்தியின் சுமையை யார்மீது இறக்குவது என்ற வினாவுக்குச் சுவையின் மொழியில் விடை கூறப்பட்டது என்றே நாம் கொள்கின்றோம். சட்டத்தின் பின்னரும் கலப்பினங்கள் உடனே மறையவில்லை: 1958இல் அவை ஏறத்தாழ 4 இலட்சம் ஹெக்டேயரில், அதாவது பிரெஞ்சு முந்திரிகை நிலத்தில் மூன்றில் ஒரு பங்களவில் நின்றன. அதன் பின்னர் அரசின் கட்டுப்பாடுகளும் பிடுங்குவதற்கான உதவித்தொகைகளும் அவற்றைச் சிறிது சிறிதாக அகற்றின. தாங்குதிறனை வளர்க்கும் ஆராய்ச்சியும் அவற்றோடு பல பத்தாண்டுகள் ஒதுங்கிற்று. அவ்விடத்தை இரசாயனக் கம்பனிகளின் புதிய மருந்துகள் நிரப்பின.

இதற்கிடையில் மண் கணக்கு வைத்துக்கொண்டிருந்தது. மயில்துத்தத்திற் காற்பங்கு செம்பு. மில்லார்டேயின் அளவுப்படி, ஹெக்டேயருக்குப் பதினாயிரம் கொடிகள் நிற்கும் மெடொக் தோட்டத்தில் ஒருமுறை தெளித்தாலே ஏழு கிலோகிராமுக்கு மேற்பட்ட செம்பு மண்ணைச் சேரும் என நாம் கணிக்கலாம். பின்னர் கலவை ஐதாக்கப்பட்டதாயினும் தெளிக்கும் தடவைகள் கூடின. செம்பு சிதைவதில்லை; மேல்மண்ணிலே தங்குகின்றது; மண்புழுவையும் நுண்ணுயிரையும் பாதிக்கின்றது; பழைய தோட்டத்தைப் பிடுங்கி வேறு பயிர் செய்ய முனைவோரின் இளம்பயிரை வாட்டுகின்றது. 2019 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஏழு ஆண்டுகளுக்கு ஹெக்டேயருக்கு 28 கிலோகிராம் என்பதே எல்லை. அதாவது 1885இன் ஒரு தெளிப்பு இன்றைய ஏறத்தாழ ஈராண்டுப் பங்காகும். செயற்கை மருந்துகளைத் தவிர்க்கும் இயற்கை விவசாயிகளே செம்பில் மிகவும் தங்கியிருப்பவர் என்பதால், அவ்வெல்லை அவர்களையே முதலில் நெருக்குகின்றது.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் முந்திரிகைத் தோட்டங்களை அறிந்தோருக்கு இவை அந்நியமான செய்திகள் அல்ல. கத்தரிக்கும் காலத்தை மாரிமழைக்கேற்ப அமைத்து, பழம் வறண்ட மாதங்களில் முற்றுமாறு பார்த்துக்கொள்வது அங்கு மருந்துக்கு முந்திய மருந்தாகும். முகத்தை மூடாது கருவியை முதுகிற் சுமந்து வரிசைகளிடையே செல்லும் கூலியாளையும் நாம் அங்கு கண்டிருக்கின்றோம்.

போர்டோவில் 2018இலும் 2023இலும் மில்டியூ மீண்டும் கடுமையாகத் தாக்கியது. 2023இல் மெர்லோ இனத் தோட்டங்கள் பல பெரிதும் பழமிழந்தன. அதே 2018இல், பல தலைமுறைக் கலப்பின் விளைவான ஆர்ட்டபான், வீடோக், பிளோரெயல், வொல்ற்றிஸ் என்னும் தாங்குதிறன் இனங்கள் பிரெஞ்சுப் பட்டியலில் இடம்பெற்றன. அவற்றின் அமெரிக்கக் காட்டுக் கொடி மரபுக்கூறுகளே மில்டியூவைத் தடுக்கின்றன. 2021இன் ஐரோப்பியச் சீர்திருத்தம், இடப்பெயர் பெற்ற வைன்களிலும் கலப்பினங்களுக்கு இடமளித்தது. 1934இற் பெயர் குறித்து விலக்கப்பட்ட ஆறு இனங்கள் மட்டும் விலக்கப்பட்ட நிலையிலேயே உள்ளன.